கண்ணால் படித்த ஆங்கிலச் சொல்லை நாவால் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 38 வயது, கணக்குத் துறையில் பணிபுரிகிறேன். பள்ளி நாளிலிருந்தே ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய வாசித்திருக்கிறேன், பேசியது குறைவு. சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் ஒரு திட்டத்தைப் பாராட்டும்போது, அது நேர்த்திக்கே 'எபிடோம்' என்று சொன்னேன். என்னைவிட இளையவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், 'சார், அது இபிட்டமி' என்று திருத்தினார். சிலர் சிரித்தார்கள். அன்றிலிருந்து தெரிந்த சொல்லைக்கூடச் சொல்லத் தயங்குகிறேன். ஆயிரம் அரிய சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை எடுத்து, நாளுக்குப் பத்துச் சொல் வீதம் உச்சரிப்பையும் பொருளையும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் நிற்பதில்லை. இது சரியான வழிதானா? அகராதி ஒரே சொல்லுக்கு இரண்டு உச்சரிப்புகள் தந்தால் எதைக் கொள்வது? ஏ-டபிள்யூ-ஆர்-ஒய், வி-ஐ-சி-டி-யூ-ஏ-எல்-எஸ், டி-இ-எஸ்-யூ-எல்-டி-ஓ-ஆர்-ஒய் ஆகிய மூன்று சொற்களையும் எப்படிச் சொல்வது என்றும் தெரிவியுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்தக் கூட்டத்தில் நடந்ததைப் பேசி முடித்துவிடுவோம். அந்த இளைஞர் சொன்ன உச்சரிப்பு சரி. சொன்ன இடம் சரியில்லை. உங்களுக்கு வேலை தருவது முதலாவது மட்டுமே. ஆங்கில ஒலிப்பைக் கற்பிப்பதையும் அகராதிப் பதிவுகளைச் சரிபார்ப்பதையும் தொழிலாகக் கொண்ட நானும் இதற்குத் தப்பியவன் அல்லன். தவறாக வழிநடத்தப்பட்டதைக் குறிக்கும் 'மிஸ்லெட்' என்ற எளிய சொல்லைப் பல ஆண்டுகள் 'மைசில்ட்' என்றே மனத்துக்குள் வாசித்துவந்தேன். 'மைசில்' என்றொரு வினைச்சொல் இருப்பதாகவும், நயமாகப் பேசி ஏமாற்றுவது அதன் பொருள் என்றும் நானே முடிவு செய்திருந்தேன். 'லெட்' என்பதன் முன்னே 'மிஸ்' என்ற முன்னொட்டு சேர்ந்து அமைந்த சொல்தான் அது என்பது புரிந்தபோது, காதால் அறிந்திருந்த சொல்லும் கண்ணால் அறிந்திருந்த சொல்லும் அத்தனை காலம் என்னிடம் இரு வேறு சொற்களாகவே வாழ்ந்திருந்தன என்பது தெரிந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வாசகர்களிடமும் இதே சொல்லில் இதே பிழை பரவலாக உண்டு.

நீங்கள் தடுமாறிய சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'வெட்டு' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, ஒரு நூலை வெட்டிக் குறைத்த சுருக்கத்தை முதலில் குறித்தது; பிறகு ஒன்றின் இயல்பு முழுவதையும் தன்னுள் திரட்டிக் காட்டும் ஆளையோ பொருளையோ குறிக்கலாயிற்று. உயர்ந்தவற்றுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. மடமையின் முழு உருவம் என்று ஒருவரை வையவும் அதே சொல் உதவும். ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் அது தன் கிரேக்க இறுதி உயிரை விடவில்லை. எனவே அதற்கு நான்கு அசைகள்: இ-பிட்-ட-மி. அழுத்தம் இரண்டாம் அசையில். உங்களை ஏமாற்றிய 'டோம்' ஆங்கிலத்தில் தனிச்சொல்லாகவும் இருக்கிறது. தடித்த நூலுக்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அதுவும் அதே கிரேக்க வேரிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியாக வந்ததால் வாலை இழந்துவிட்டது. வெட்ட முடியாதது என்னும் பொருளில் அமைந்த 'ஆட்டம்' என்ற அணுவின் பெயரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்த ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வதோடு நிற்காமல், அதன் உறவினர்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மிகைப்படுத்திக் கூறலைக் குறிக்கும் சொல் 'ஹைபர்போல்' அன்று, 'ஹைபர்பலி'. அழுத்தம் 'பர்' என்ற அசையில். ஒன்றன் பகுதியைச் சொல்லி முழுமையை உணர்த்தும் அணிக்கு 'சினெக்டகி' என்று பெயர். நம் இலக்கணத்தின் சினையாகுபெயருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பேரழிவுக்கு 'கட்டாஸ்ட்ரஃபி' என்றும் உவமைக்கு 'சிமிலி' என்றும் நீங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கடைசி 'ஈ' என்ற எழுத்து இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒலிக்கிறது. ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த எல்லாச் சொல்லிலும் அது ஒலிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்; 'சின்ட்ரோம்', 'டெலஸ்கோப்' ஆகியவை வாலை அடக்கிக்கொண்டவை.

எழுத்து ஏன் இப்படி நம்மைக் கைவிடுகிறது என்பதற்கு வரலாறு காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் அனைத்தும் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. ஒலி நடந்துகொண்டிருக்கும்போதே அச்சு எழுத்தை நிறுத்தி வைத்துவிட்டது என்று சொல்லலாம். அதற்கு மேல், இலத்தீன் கற்ற அறிஞர்கள் பழைய சொற்களுக்கு அவற்றின் வம்சாவளியைக் காட்டும் எழுத்துகளைச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள 'பி' அப்படி வந்தது. ஆங்கிலத்தில் அது ஒருபோதும் ஒலித்ததில்லை. ஒருவர் மீது குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் சட்டச்சொல்லில் 'சி' இருக்கிறது. ஆனாலும் அது 'இன்டைட்' தான், 'இன்டிக்ட்' அன்று. எல்லா இடத்திலும் செருகப்பட்ட எழுத்து ஊமையாகவே இருந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பிழையைக் குறிக்கும் 'ஃபால்ட்' என்ற சொல்லில் 'எல்' பிற்காலச் செருகலே; அதைப் பார்த்துப் பார்த்து மக்கள் ஒலிக்கவே தொடங்கிவிட்டார்கள். ஆகையால் விதியை வைத்துக்கொண்டு ஊகிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் அகராதியைத் திறக்கத்தான் வேண்டும்.

இராணுவப் பதவியான 'கர்னல்' இதில் தனிக்கதை. அதன் எழுத்துக்கூட்டில் 'ஆர்' கிடையாது. இரண்டு 'எல்' உண்டு. இத்தாலியச் சொல்லில் இருந்த 'எல்', பிரெஞ்சுக்குப் போனபோது 'ஆர்' ஆயிற்று. ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து அதை வாங்கியது. பிறகு அறிஞர்கள் எழுத்தை மட்டும் இத்தாலிய வடிவத்துக்குத் திருப்பினார்கள், நாக்கு திரும்ப மறுத்துவிட்டது. நம் நாளிதழ்கள் எழுத்தைப் பாராமல் காதைக் கேட்டு 'கர்னல்' என்று எழுதியதால், இந்தச் சொல்லில் தமிழ் வாசகர்கள் பலர் தப்பித்துக்கொண்டார்கள்.

அரிய சொற்களில் மிகுதியானவை இரவல் சொற்கள் என்பதால், ஒரு சொல் எந்த மொழியிலிருந்து, எந்தக் காலத்தில் வந்தது என்று கேட்பது உண்மையாகவே பயன் தரும். 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வருவதைப் பாருங்கள். தலைவரைக் குறிக்கும் 'சீஃப்', தலைமைச் சமையல்காரரைக் குறிக்கும் 'ஷெஃப்' இரண்டும் பிரெஞ்சில் ஒரே சொல். முன்னது நடுக்காலத்திலேயே வந்து ஆங்கில நாவுக்குப் பழகிவிட்டதால் அந்தக் காலத்து 'ச்' ஒலியை வைத்திருக்கிறது; பின்னது 19ஆம் நூற்றாண்டில் வந்ததால் பிற்காலப் பிரெஞ்சின் 'ஷ்' ஒலியோடு வந்தது. அதே எழுத்து இணை கிரேக்கச் சொற்களிலும் இத்தாலியச் சொற்களிலும் 'க்' என்று ஒலிக்கும். சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்ட புராண விலங்கு, அதிலிருந்து பிறந்த பொருளில் நிறைவேறாத கற்பனை, 'கைமீரா'. ஓவியத்தில் ஒளியையும் நிழலையும் எதிரெதிரே நிறுத்தும் முறை 'கியாரஸ்க்யூரோ'. மழையின் முதல் துளிகள் காய்ந்த தரையில் விழும்போது எழும் மணத்துக்கு இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964இல் சூட்டிய பெயர் 'பெட்ரிக்கோர்'. கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு, தேவர்களின் நரம்பில் ஓடுவதாகக் கருதப்பட்ட திரவத்தின் பெயரைச் சேர்த்து அமைத்தார்கள். கிரேக்கம் என்று தெரிந்துவிட்டால் 'பெட்ரிச்சோர்' என்று சொல்லத் தோன்றாது. 'மண்வாசனை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் நமக்கு இது அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாகப் படாமல் போகலாம்.

பிரெஞ்சு இரவல்களில் சொல்லிறுதி மெய்கள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. சபையில் செய்யும் தவறு 'ஃபோ பா'. திடீர் ஆட்சிக் கவிழ்ப்பு 'கூ'. இருவருக்கிடையே உள்ள நல்லிணக்கம் 'ரப்போர்', அங்கே 'டி' இல்லை. மறைத்து வைத்த சேமிப்பு 'கேஷ்'; ஆனால் அதோடு ஒரு 'டி' சேர்ந்து வரும், மதிப்பைக் குறிக்கும் சொல் 'கேஷே'. இவ்விரண்டையும் நன்கு படித்தவர்களே மாற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தாலியிலிருந்து இசை வழியாக வந்த ஒரு சொல்லுக்கு எஸ், இ, ஜி, யூ, இ என்று எழுத்து. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி தெரியாமல் நகர்வது அதன் பொருள். 'செக்வே' என்று சொல்ல வேண்டும். அதை 'சீக்' என்று வாசித்துக்கொண்டே, பிறர் வாயால் கேட்ட 'செக்வே' வேறொரு சொல் என்று நினைத்திருப்போர் பலர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அழுத்தம். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே வரவில்லை என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தமிழில் ஓர் அசை நீள்வதையும் குறுகுவதையும் மாத்திரை தீர்மானிக்கிறது. எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஓர் அசை மேலெழும்பும்போது மற்றவை தணிந்துவிடுகின்றன. தணிந்த அசையின் உயிர் தன் நிறத்தை இழந்து, 'அ' என்றும் 'எ' என்றும் சொல்ல முடியாத ஒரு மங்கல் ஒலியாகிவிடுகிறது. நமக்கு இது முற்றிலும் புதிதன்று. 'பாட்டு' என்பதன் இறுதி உகரம் முழு உகரமாக ஒலிக்காமல் அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று தொல்காப்பியம் பெயரிட்டு வைத்திருக்கிறது. அதை யாரும் கற்பிக்காமலேயே நாம் சரியாகக் குறுக்குகிறோம். ஆங்கிலத்தில் இந்தக் குறுக்கம் சொல்லின் எந்த இடத்திலும் எந்த உயிருக்கும் நேரலாம் என்பதே வேறுபாடு. புகைப்படத்தைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் இருப்பதால் 'ஃபோ' தெளிவாக ஒலிக்கிறது. புகைப்படக் கலையைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்வதால் அதே 'ஃபோ' மங்கி 'ஃப' ஆகிவிடுகிறது. எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாகச் சொன்னால் கேட்பவருக்கு எளிதாக விளங்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நடப்பது நேர்மாறு: அழுத்தம் இடம் மாறினால், ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும், கேட்பவர் வேறு சொல்லைத் தேடத் தொடங்குகிறார்.

அழுத்தம் எங்கே விழும் என்பதைச் சில ஈறுகள் காட்டிக்கொடுக்கும். 'இட்டி' என்று முடியும் பெயர்ச்சொற்களில் அந்த ஈற்றுக்கு நேர் முன்னுள்ள அசை அழுத்தம் பெறும். பெருந்தன்மை உடையவரைக் குறிக்கும் 'மேக்னானிமஸ்' என்பதில் இரண்டாம் அசையில் இருந்த அழுத்தம், பெருந்தன்மையைக் குறிக்கும் 'மேக்னனிமிட்டி' ஆகும்போது மூன்றாம் அசைக்கு நகர்கிறது. 'ஷன்' என்று முடியும் சொற்களும் அப்படியே. 'இக்' என்று முடிபவையும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் 'ஹெரட்டிக்', 'லூனட்டிக்' போன்ற சில முரடர்கள் முதல் அசையிலேயே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஏமாற்றக்கூடியவை 'எபிள்' என்று முடியும் நீண்ட சொற்கள். 'ரிவோக்' என்ற வினையில் அழுத்தம் 'வோக்' மீது இருக்கிறது. அதை நம்பி, திரும்பப் பெற முடியாததைக் குறிக்கும் சொல்லை 'இர்ரிவோக்கபிள்' என்று சொன்னால் தவறு. அது 'இரெவக்கபிள்', அழுத்தம் 'ரெ' மீது. சளைக்காதவரைக் குறிக்கும் 'இன்டிஃபாட்டிகபிள்' என்பதில் 'ஃபா' மீது. ஒரே எழுத்துக்கூட்டு இரண்டு சொல்லாக நிற்பதும் உண்டு: நோயுற்றவரைக் குறிக்கும்போது முதல் அசையில் அழுத்தம் பெறும் 'இன்வலிட்', செல்லாதது என்னும் பொருளில் இரண்டாம் அசையில் அழுத்தம் பெற்று 'இன்வாலிட்' ஆகிவிடும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கலாமா என்பதற்கு என் பதில்: நினைவுக்குறிப்பாக எழுதலாம், சான்றாகக் கொள்ளக் கூடாது. இந்தக் கடிதம் முழுவதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், குறை தெரிந்தே. தொப்பி, வாடகை வண்டி, இடைவெளி ஆகிய மூன்றின் ஆங்கிலப் பெயர்களும் நம் எழுத்தில் 'கேப்' என்ற ஒரே உருவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. விலைக்கும் பரிசுக்கும் 'பிரைஸ்' தான். மங்கல் உயிருக்கு நம்மிடம் எழுத்து இல்லை. அழுத்தத்துக்குக் குறி இல்லை. எனவே 1886இல் தொடங்கப்பட்ட சர்வதேச ஒலியியல் சங்கத்தின் குறியீடுகளில் ஆங்கிலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்குப் பொதுவாக 44 ஒலிகள் என்று கணக்கிடுவார்கள். மெய்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறி நீங்கள் அறிந்த அதே எழுத்துதான் என்பதால், புதிதாகப் பழக வேண்டியவை குறைவு. முதலில் இரண்டைப் பிடியுங்கள். தலைகீழாகக் கவிழ்ந்த ஆங்கில 'இ' எழுத்து மங்கல் உயிரைக் குறிக்கும். அசைக்கு முன் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு, அடுத்து வரும் அசையில் முதன்மை அழுத்தம் என்று அறிவிக்கும். அதே கோடு கீழே நின்றால் துணை அழுத்தம். அமெரிக்க அகராதிகள் சில தமக்கென்று தனிக்குறிகள் வைத்திருக்கின்றன, அழுத்தக் குறியை அசைக்குப் பின்னால் இடுவனவும் உண்டு. முகப்பில் உள்ள விளக்கத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

இணைய அகராதிகள் ஒலிப்பதிவும் தருகின்றன. மனிதக் குரலில் பதிவு செய்த பெரிய அகராதிகளை நம்பலாம். எழுத்தைப் பார்த்து இயந்திரம் வாசிக்கும் குரலை அரிய சொற்களுக்கு நம்ப வேண்டாம். மேலே சொன்ன 'இன்வலிட்' போன்றவற்றில் எந்தப் பொருளில் சொல்ல வேண்டும் என்பது தனிச்சொல்லை மட்டும் கொடுத்தால் அதற்குத் தெரிய வழியில்லை.

இரண்டு உச்சரிப்புகள் தரப்பட்டிருந்தால் இரண்டும் படித்தவர்களிடையே வழங்குபவை என்பதே பொருள். முதலில் இருப்பது உயர்ந்தது, அடுத்தது தாழ்ந்தது என்று எப்போதும் கொள்ள முடியாது. கால அட்டவணையைப் பிரிட்டனில் 'ஷெட்யூல்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஸ்கெஜூல்'. சர்ச்சையைக் குறிக்கும் சொல்லில் அழுத்தத்தை முதல் அசையில் வைப்பவர்களும் இரண்டாம் அசையில் வைப்பவர்களும் பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிறார்கள். உங்களைச் சுற்றியுள்ளவர்கள் வழங்குவதைத் தேர்ந்து, அதிலேயே நிலையாக இருங்கள். ஒருவரின் திறமை எதில் இருக்கிறதோ அதைக் குறிக்கும் சொல் ஒன்று பிரெஞ்சிலிருந்து வாள்வீச்சு வழியாக வந்தது. வாளில் பிடியை ஒட்டிய உறுதியான பகுதிக்கு அந்தப் பெயர். வந்த வழியைப் பார்த்தால் 'ஃபோர்ட்' என்பதே முறை. இத்தாலிய இசைச்சொல் ஒன்றோடு குழம்பி 'ஃபோர்டே' என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்று பெரும்பான்மையினர் சொல்வது அதையே, அகராதிகளும் ஏற்றுவிட்டன. முறை தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ள 'ஃபோர்ட்' என்று சொன்னால், நீங்கள் ஏதோ கோட்டையைப் பற்றிப் பேசுவதாகவே கேட்பவர் நினைப்பார். நானே 'ஃபோர்டே' என்றுதான் சொல்கிறேன்.

அந்த ஆயிரம் சொல் பட்டியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. முதலாவதாக, அப்படிப்பட்ட பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. பெரிய அகராதிகளிலேயே பேய்ச்சொற்கள் நுழைந்ததுண்டு. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் புதிய சர்வதேச அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்றொரு சொல்லும் அதற்கு 'அடர்த்தி' என்று பொருளும் அச்சாயின. உண்மையில் அது சொல்லே அன்று. அடர்த்திக்குப் பெரிய 'டி'யோ சிறிய 'டி'யோ சுருக்கக் குறியாக வரலாம் என்று எழுதிய சீட்டை யாரோ ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். சொற்பிறப்பு இல்லாமல் நின்ற அந்தப் பதிவை 1939இல் ஒரு பதிப்பாசிரியர் கவனித்தார். பக்கத்திலிருந்து அது நீங்க 1947 ஆயிற்று. அத்தனை பேர் சரிபார்த்த நூலிலேயே இது நடந்தது என்றால், யார் தொகுத்தார் என்றே தெரியாத பட்டியலை எவ்வளவு நம்புவது?

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்று எழுதும்போது, அது யாரோடு பழகும் என்பது விடுபட்டுப்போகிறது. வெயில் கொளுத்தும், மழை கொட்டும். கொளுத்தும் மழை என்று ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, ஆனாலும் சிரிப்போம். ஆங்கிலத்திலும் 'இன்கிளெமன்ட்' என்பது வானிலையோடுதான் மிகுதியும் பழகும். 'கடுமையான' என்று பொருள் எழுதிவைத்துக்கொண்டு அதைத் தேர்வோடும் வேலையோடும் சேர்க்க முடியாது. அழகைக் குறிக்கும் 'பல்க்ரிட்யூட்' என்ற சொல் பட்டியல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். நேரில் ஒருவரிடம் அதைச் சொன்னால் கேலி செய்வதாகவே எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, தோற்றத்தால் ஏமாற்றும் சொற்கள். ஒருமுறை என்னிடம் திருத்தத்துக்கு வந்த நன்றிக் கடிதம் ஒன்றில், சிறப்பு விருந்தினரின் உரை 'எனர்வேட்டிங்' ஆக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். 'எனர்ஜி' என்பதோடு உறவு என்று நினைத்துவிட்டார்கள். அச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு நரம்பை உருவிவிடுதல் என்று பொருள், சோர்ந்துபோகச் செய்வதையே அது குறிக்கும். கடிதம் போகும் முன்னே பிடித்துவிட்டோம். 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. குமட்டும் நாற்றத்தைச் சொல்வது அது. 'மெரட்ரிஷஸ்' தகுதியைக் குறிக்கும் 'மெரிட்' போலத் தோன்றும். பொருளோ உள்ளீடற்ற பகட்டு. 'நான்பிளஸ்ட்' என்பது திகைத்து நிற்பதைக் குறித்தது. அமெரிக்கப் பேச்சில் அதற்கு நேர் எதிராக, அசைந்துகொடுக்காமல் இருப்பதையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இரு பொருளும் உயிரோடு இருக்கும் வரை அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை; உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

எனவே பட்டியலை மூடிவிட்டு, நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் வாசிப்பிலிருந்தே சொற்களை எடுங்கள். பொருள் ஓரளவு ஊகிக்க முடிந்தும், வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சொல்லே உங்களுக்கு வேண்டியது. அத்தகையவை வாரத்துக்கு நான்கைந்து கிடைத்தால் போதும். நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதி, அழுத்தம் விழும் அசையின் கீழே கோடிடுங்கள். ஒலிப்பதிவை ஒரு தடவை கேட்டு, நிறுத்திவிட்டு, வாக்கியம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துத் தொலைபேசியில் பதிவு செய்து, மீண்டும் அகராதிக் குரலோடு ஒப்பிடுங்கள். தனிச்சொல்லாகச் சரியாக வந்தது, வாக்கியத்துக்குள் போனதும் பழைய உச்சரிப்புக்கே திரும்புவதை நீங்களே கேட்பீர்கள்; பயிற்சி அங்கேதான் தேவை. அந்தச் சொல்லை வேறு இரண்டு நூல்களில் எதிர்கொண்ட பிறகு, பேச்சில் பயன்படுத்திப் பாருங்கள். கூட்டத்துக்கு நடுவில் ஐயம் வந்தால், 'இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடலாம். கூட்டத்தில் உங்களைத் திருத்திய இளைஞரையே கேட்டாலும் கேட்கலாம். தனியாகக் கேட்டால் அவரும் அடுத்த முறை தனியாகவே சொல்வார்.

இனி நீங்கள் கேட்ட மூன்று சொற்கள். முதலாவதை 'ஆரி' என்று வாசிப்பவர்களே அதிகம். அது உண்மையில் கோணலைக் குறிக்கும் 'ரை' என்ற சொல்லின் முன் ஓர் 'அ' சேர்ந்தது. தமிழின் 'அரை' என்பதை நினைத்துக்கொண்டு, முதல் எழுத்தை மெலிதாக விட்டு, 'ரை'யை அழுத்துங்கள். கோணலாக, தவறிப்போனதாக என்பது பொருள். 'போதல்' என்னும் வினையோடு பழகும், திட்டங்கள் அப்படிப் போகும். இரண்டாவது, உணவுப் பண்டங்களைக் குறிக்கும் பழைய சொல். அதிலுள்ள 'சி' இலத்தீன் அறிஞர்கள் செருகியது, 'யூ', 'ஏ' இரண்டும் கண்ணுக்கு மட்டுமே, சொல்வது 'விட்டில்ஸ்'. விளக்கில் விழும் விட்டிலை நினைத்துக்கொண்டால் மறக்காது. இன்று இது பழங்கதைகளிலும் வேடிக்கைப் பேச்சிலும்தான் வரும். அலுவலகக் குறிப்பில் எழுத வேண்டாம்.

மூன்றாவது 'டெசல்டரி', அழுத்தம் முதல் அசையில். 'டிசல்டரி' என்று இரண்டாவதை அழுத்துவது பிழை. நடு 'ச' ஒலியைப் பிரிட்டனில் சிலர் சற்று அதிரச் சொல்வதும் உண்டு, இரண்டும் ஏற்கத்தக்கவை. பண்டை ரோமின் பந்தயக் களத்தில் ஓடும் குதிரையிலிருந்து பக்கத்துக் குதிரைக்குத் தாவும் வித்தைக்காரனுக்கு இலத்தீனில் இருந்த பெயரே இதன் மூலம். அவன் தாவியது திட்டத்தோடு. சொல்லோ திட்டமில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதைக் குறிக்கிறது. உரையாடல், வாசிப்பு, முயற்சி ஆகியவற்றோடு பழகும். இந்த மூன்றில் உங்கள் நோட்டில் முதலில் ஏற வேண்டியது இதுதான். நல்ல கட்டுரைகளில் அடிக்கடி எதிர்ப்படும்.